லெப்டானா, மெசானா? அணுவைவிடச் சிறிய துகள்களை வகைபிரிக்கப் பழகுவது எப்படி

பள்ளிப் பாடத்தில் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்ற மூன்றோடு நின்றுவிடும் பட்டியல், அதைத் தாண்டியதும் பையான், கேயான், லாம்டா, மியூவான், டாவ் என்று நூற்றுக்கணக்கில் நீள்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். ஒரு துகளைப் பற்றி என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். பெயரே கேள்விப்படாத துகளைக்கூடச் சரியான இடத்தில் வைத்துவிடலாம்.

அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எலக்ட்ரானின் குடும்பமான லெப்டான்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வகைபிரிப்பில் எங்கெல்லாம் சறுக்குவோம் என்பதை அவற்றைப் போல வேறு எந்தக் குடும்பமும் காட்டுவதில்லை. கணக்கு என்று பார்த்தால் கூட்டல், கழித்தல், கொஞ்சம் பின்னம். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: அலகுகளோடு பழகிக்கொள்ளுங்கள்

துகள் இயற்பியலில் நிறையைக் கிலோகிராமில் யாரும் சொல்வதில்லை. நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதால், நிறையை ஆற்றலின் அலகிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த அலகு மெகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக எம்.இ.வி. எலக்ட்ரானின் நிறை 0.511 எம்.இ.வி., புரோட்டானின் நிறை 938.3 எம்.இ.வி. இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த எண்ணைப் பார்த்தாலும் இவற்றோடு ஒப்பிட்டு அளவை உணர்ந்துகொள்ளலாம்.

மின்னூட்டத்துக்குப் புரோட்டானின் மின்னூட்டம்தான் அளவுகோல். புரோட்டானுக்கு +1, எலக்ட்ரானுக்கு −1, நியூட்ரானுக்கு 0.

படி 2: இரண்டே கேள்விகள்

எந்தத் துகளாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது வலுவிசைக்குக் கட்டுப்படுகிறதா? அணுக்கருவுக்குள் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் விசையைத்தான் வலுவிசை என்கிறேன். இதைத் தவிர மின்காந்த விசை உண்டு. பீட்டா சிதைவு போன்றவற்றை நடத்துகிற மென்விசை உண்டு. ஈர்ப்பு விசையும் உண்டு, ஆனால் தனித்துகள்கள் அளவில் அது மிக மிகச் சிறியது என்பதால் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி: இதன் தற்சுழற்சி அரை எண்ணா, முழு எண்ணா? துகள் நிஜமாகவே சுற்றுவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மின்னூட்டத்தைப் போலவே தற்சுழற்சியும் துகளோடு பிறந்த ஒரு குணம். அதன் மதிப்பு 1/2, 3/2 என்று அரையில் வந்தால் அந்தத் துகள் ஃபெர்மியான். 0, 1, 2 என்று முழு எண்ணில் வந்தால் போசான். முதல் பெயர் என்ரிகோ ஃபெர்மியிடமிருந்து வந்தது. இரண்டாவது, டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸிடமிருந்து. ஒளியைத் துகள்களாக எண்ணும் புதிய முறையை 1924-ல் அவர் தந்தார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுதினால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

வலுவிசைக்குக் கட்டுப்படும், தற்சுழற்சி அரை: பேரியான். புரோட்டானும் நியூட்ரானும் இங்கே வரும்.

வலுவிசைக்குக் கட்டுப்படும், தற்சுழற்சி முழு எண்: மெசான். பையான், கேயான் எல்லாம் இங்கே. பேரியான், மெசான் இரண்டையும் சேர்த்து ஹாட்ரான் என்பார்கள்.

வலுவிசைக்குக் கட்டுப்படாது, தற்சுழற்சி அரை: லெப்டான். எலக்ட்ரானும் நியூட்ரினோவும் இங்கே.

வலுவிசைக்குக் கட்டுப்படாது, தற்சுழற்சி முழு எண்: ஒளித்துகளான ஃபோட்டான், மென்விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள், அப்புறம் ஹிக்ஸ்.

குவார்க்கும் குளுவானும் எங்கே என்று கேட்பீர்கள். அவை ஹாட்ரான்களுக்கு உள்ளே இருப்பவை; தனியாகப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாதவை. அவற்றுக்கு 6-வது படியில் வருகிறேன். தனியாகப் பிடிபடும் துகள்களுக்கு இந்த நான்கு கட்டங்களே போதும்.

படி 3: நிறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், அது இதுவாக இருக்கட்டும். லேசானது லெப்டான், நடுத்தரம் மெசான், கனமானது பேரியான் என்று இன்றும் சில கையேடுகளில் பார்க்கிறேன். ஒரு காலத்தில் உலகின் தலைசிறந்த இயற்பியலாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் பத்தாண்டுகள் ஒரு துகளைத் தவறான கட்டத்தில் வைத்திருந்தார்கள்.

1935-ல் ஜப்பானில் ஹிடேகி யுகாவா ஒரு கணிப்பைச் சொன்னார். அணுக்கருவைச் சேர்த்துப் பிடிக்கும் விசையைச் சுமக்க ஒரு துகள் வேண்டும். அதன் நிறை எலக்ட்ரானைப் போலச் சுமார் 200 மடங்கு இருக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த கார்ல் ஆண்டர்சனும் செத் நெடர்மேயரும், எலக்ட்ரானைவிடக் கனமான, புரோட்டானைவிட லேசான ஒரு துகளைக் கண்டார்கள். நிறையை அளந்து பார்த்தால் 200 மடங்கை ஒட்டியே வந்தது. யுகாவாவின் துகள் கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பியதில் வியப்பில்லை. நிறை பொருந்துகிறதே!

அந்த நம்பிக்கையை உடைத்த சோதனை போர்க்கால ரோமில் தொடங்கியது. கொன்வெர்சி, பிச்சோனி என்ற இரண்டு இளைஞர்கள் 1943-ல் குண்டுவீச்சிலிருந்து தப்பக் கருவிகளை வத்திக்கானுக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறைக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்; பன்சீனி பிறகு அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. எதிர் மின்னூட்டம் கொண்ட இந்தத் துகள் ஒரு பொருளுக்குள் வந்து நின்றால், நேர் மின்னூட்டமுள்ள அணுக்கரு அதைத் தன் பக்கம் இழுக்கும். வலுவிசை அதற்கு உண்டு என்றால், தானாகச் சிதைவதற்கு முன்பே அணுக்கரு அதை விழுங்கிவிட வேண்டும். கார்பனில் நிறுத்திப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. துகள்கள் அணுக்கருவின் அருகிலேயே இருந்தும், தம்பாட்டுக்குச் சிதைந்தன. 1947-ல் இந்த முடிவு வெளிவந்ததும் ஃபெர்மி, டெல்லர், வைஸ்காஃப் மூவரும் கணக்குப் போட்டார்கள். யுகாவாவின் துகளாக இருந்தால் எவ்வளவு விரைவில் விழுங்கப்பட்டிருக்குமோ, அதற்கும் நிஜத்துக்கும் லட்சம் கோடி மடங்கு வித்தியாசம்.

அதே 1947-ல் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு உண்மையான யுகாவா துகளைக் கண்டுபிடித்தது. மலை உச்சிகளில் வைத்து எடுத்த ஒளிப்படத் தகடுகளில், ஒரு துகள் வந்து நின்று இன்னொரு துகளாக மாறும் தடம் பதிந்திருந்தது. வந்து நின்றது பையான். அதிலிருந்து பிறந்தது, ஆண்டர்சன் கண்ட பழைய துகள்; அதைத்தான் இன்று மியூவான் என்கிறோம். இதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிபா சௌத்ரியும் தேபேந்திர மோகன் போஸும் டார்ஜிலிங் பகுதி மலைகளில் இப்படிப்பட்ட தகடுகளை வைத்து, இந்த வகைத் துகள்களின் நிறையை அளந்து எழுதியிருந்தார்கள். போர்க்காலத்தில் நல்ல தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உரிய இடம் வரலாற்றில் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது எண்களைப் பாருங்கள். மியூவான் 105.7 எம்.இ.வி.; பையான் 139.6 எம்.இ.வி. நிறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் மியூவானுக்கு வலுவிசை இல்லை, தற்சுழற்சி 1/2, ஆகவே லெப்டான். பையானுக்கு வலுவிசை உண்டு, தற்சுழற்சி 0, ஆகவே மெசான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

பழைய புத்தகங்களில் மியூ மெசான் என்ற பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம். அது மியூவான்தான். மெசான் என்ற ஒட்டு, அந்தக் குழப்பம் பெயரில் விட்டுப்போன மிச்சம். நோட்டில் அதை அடித்துவிட்டு லெப்டான் கட்டத்தில் எழுதுங்கள்.

படி 4: ஆறு லெப்டான்களையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

மொத்தம் ஆறு. மூன்று தலைமுறை, ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் உள்ளது ஒன்று, அதற்கு ஜோடியாக மின்னூட்டம் இல்லாத நியூட்ரினோ ஒன்று.

எலக்ட்ரானை 1897-ல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தார். அது சிதைவதே இல்லை. மின்னூட்டமுள்ள துகள்களில் அதைவிட லேசானது எதுவும் கிடையாது. மின்னூட்டம் அழியாது என்பதால் அது வேறெதுவாகவும் மாற வழியில்லை.

மியூவான் எலக்ட்ரானைவிட சுமார் 207 மடங்கு கனம். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. இது உங்கள் மேல் இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதிப் பையான்களை உண்டாக்க, அவை சிதைந்து மியூவான்கள் பிறக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் வருகிறது. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது 2.2 மைக்ரோ விநாடியில், ஒளியின் வேகத்திலேயே வந்தாலும், 660 மீட்டர்தானே வர முடியும்? ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. அதனால்தான் தரை வரை வந்து சேர்கிறது. சார்பியலை இதைவிட நேரடியாகக் காட்டும் சான்று குறைவு.

நம் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்த மியூவான்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1-ம் தேதி ஒரு பெரிய இடிமேகம் அதன் மேலே கடந்தபோது, வந்து சேரும் மியூவான்களின் எண்ணிக்கை குறைந்தது. மேகத்தின் மின்புலம் மியூவான்களின் ஆற்றலை மாற்றியதே காரணம். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து அந்த மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு, 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் என்ன வகை என்றே புரியாத துகள், இன்று மேகத்தை அளக்கும் கருவி.

டாவ் மூன்றாவது தலைமுறை. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் மார்ட்டின் பேர்ல் தலைமையிலான குழு கண்டறிந்தது. நிறை சுமார் 1777 எம்.இ.வி. புரோட்டானைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இருந்தும் லெப்டான்தான். 3-வது படியில் சொன்னதற்கு இது இன்னொரு சான்று. ஆயுளோ ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு எடுத்தால், அதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மூன்று நியூட்ரினோக்களும் இவற்றின் ஜோடிகள்: எலக்ட்ரான் நியூட்ரினோ, மியூவான் நியூட்ரினோ, டாவ் நியூட்ரினோ. இவற்றுக்கு மின்னூட்டமும் இல்லை, வலுவிசையும் இல்லை, மென்விசை மட்டுமே. அதனால்தான் சூரியனிலிருந்து வருபவை மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே விநாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போயும் நமக்கு எதுவும் தெரிவதில்லை. நிறை பூஜ்யம் இல்லை என்பது உறுதி. ஆனால் எலக்ட்ரானின் நிறையில் 5 லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

நான்காவது தலைமுறை ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இசட் துகள் எவ்வளவு விரைவில் சிதைகிறது என்று மிகத் துல்லியமாக அளந்தார்கள். அது எத்தனை வகை லேசான நியூட்ரினோக்களாகச் சிதைய முடியுமோ, அந்த அளவுக்கு வேகம் கூடும். அளவீடு மூன்றோடு கச்சிதமாகப் பொருந்தியது.

ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துகள் உண்டு: நிறை அதேதான், மின்னூட்டம் தலைகீழ். எலக்ட்ரானின் எதிர்த்துகள் பாசிட்ரான். 1932-ல் கண்டறிந்தவர் அதே ஆண்டர்சன். எதிர்த்துகள்களையும் சேர்த்தால் பன்னிரண்டு.

படி 5: லெப்டான் கணக்கு எழுதப் பழகுங்கள்

வகைபிரிப்பின் பயன் இங்கேதான் கையில் கிடைக்கிறது. ஒரு நிகழ்வு நடக்குமா, நடக்காதா என்று நீங்களே சொல்லிவிடலாம். முறை, கடைக்காரர் எழுதும் வரவு செலவு போலத்தான். ஒவ்வொரு லெப்டானுக்கும் +1. எதிர் லெப்டானுக்கு −1. மற்ற எல்லாவற்றுக்கும் 0. நிகழ்வுக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று தலைமுறைக்கும் தனித்தனிப் பத்தி போட்டு எழுதுங்கள்.

முதலில் நியூட்ரான் சிதைவு. தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குள் சிதைந்துவிடும்.

நியூட்ரான் → புரோட்டான் + எலக்ட்ரான் + எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோ

முன்னால் 0. பின்னால் 0 + 1 − 1 = 0. சரி. கடைசியாக இருக்கும் அந்த எதிர் நியூட்ரினோ இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். 1930-ல் வொல்ஃப்காங் பவுலி இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று சொன்னபோது அவருக்கு லெப்டான் கணக்கு தெரியாது. ஆற்றலும் தற்சுழற்சியும் இடித்ததால்தான் சொன்னார். பிறகு வந்த கணக்கும் அதையே கேட்டது.

அடுத்து மியூவான்.

மியூவான் → எலக்ட்ரான் + எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோ + மியூவான் நியூட்ரினோ

மியூவான் பத்தியில் முன்னால் 1, பின்னால் 1. எலக்ட்ரான் பத்தியில் முன்னால் 0, பின்னால் 1 − 1 = 0. சரி.

இப்போது புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்.

நேர் பையான் → நேர் மியூவான் + மியூவான் நியூட்ரினோ

நேர் மியூவானுக்கு +1 போட்டுவிடுவார்கள், நேர் மின்னூட்டம் இருக்கிறதே என்று. அப்படியல்ல. எதிர் மின்னூட்டம் கொண்ட மியூவான்தான் துகள். நேர் மின்னூட்டம் கொண்டது எதிர்த்துகள். ஆகவே −1 + 1 = 0. பையான் மெசான் என்பதால் முன்னாலும் 0. மின்னூட்டக் குறியும் லெப்டான் எண்ணின் குறியும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரிசை போட்டு எழுதினால் இந்தத் தவறு வராது.

இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1950-களில் ரே டேவிஸ் அணு உலைக்கு அருகே குளோரின் நிறைந்த திரவத் தொட்டியை வைத்தார். நியூட்ரினோ ஒன்று குளோரின் அணுக்கருவில் மோதினால் அது ஆர்கானாக மாறி, ஒரு எலக்ட்ரான் வெளிவரும். லெப்டான் எண் முன்னும் 1, பின்னும் 1. ஆனால் அவர் தொட்டியில் ஆர்கான் சேரவில்லை. அணு உலையில் நடப்பது நியூட்ரான் சிதைவு போன்ற நிகழ்வுகள். அதிலிருந்து வருவது எதிர் நியூட்ரினோ, அதாவது −1. அதிலிருந்து எலக்ட்ரான், அதாவது +1, பிறக்க முடியாது. அதே மாதிரி உலை அருகே, அமெரிக்காவின் சவானா ரிவரில், கோவனும் ரைன்ஸும் வேறு நிகழ்வைத் தேடினார்கள்.

எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோ + புரோட்டான் → நியூட்ரான் + பாசிட்ரான்

−1 முன்னால், −1 பின்னால். 1956-ல் அது கிடைத்தது. பவுலியின் துகள் உண்மை என்று உறுதியானது. பின்னாளில் டேவிஸ் தன் முறையைச் சூரியனை நோக்கித் திருப்பினார். சூரியனிலிருந்து வருபவை எதிர் நியூட்ரினோக்கள் அல்ல, நியூட்ரினோக்கள். இந்த முறை ஆர்கான் கிடைத்தது.

தலைமுறைக்குத் தனிப் பத்தி ஏன் வேண்டும்? 1962-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டெய்ன்பெர்கர் குழு, பையான் சிதைவில் பிறந்த நியூட்ரினோக்களை மோதவிட்டுப் பார்த்தது. அவற்றிலிருந்து மியூவான்கள் பிறந்தன. அதே அளவு எலக்ட்ரான்கள் பிறக்கவில்லை. நியூட்ரினோவுக்கும் தன் தலைமுறை தெரிந்திருக்கிறது. அதேபோல, மியூவான் ஒரு எலக்ட்ரானாகவும் ஃபோட்டானாகவும் மட்டும் சிதைவதை, எவ்வளவோ தேடியும், இதுவரை யாரும் பார்க்கவில்லை. மொத்த லெப்டான் எண் பொருந்தும், மின்னூட்டம் பொருந்தும், தலைமுறைப் பத்தி பொருந்தாது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு பெருமைமிக்க அத்தியாயம் உண்டு. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் ஆய்வாளர்கள் கருவிகளை வைத்தார்கள். மேலிருந்து வரும் மியூவான்களை அவ்வளவு பாறை வடிகட்டிவிடும். பக்கவாட்டில் கிடையாக வரும் மியூவானோ, பாறைக்குள் நியூட்ரினோ மோதியே பிறந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தடங்கள் பதிவாயின. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட பெருமை, அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் இயங்கிய குழுவோடு சேர்த்து, கோலாருக்கு உண்டு. அந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் நான் இங்கே சேர்த்தே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தலைமுறைப் பத்தி நியூட்ரினோக்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. பயணத்தின்போது ஒரு வகை நியூட்ரினோ வேறு வகையாக மாறுகிறது. டேவிஸுக்குச் சூரியனிலிருந்து எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது என்பதற்கு விளக்கமும் இதுதான். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 1998-லும், கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆண்டுகளிலும் இதை நிலைநாட்டின. 2015-ல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே ஒரே இடத்தில் நடக்கும் மோதலுக்கும் சிதைவுக்கும் மூன்று பத்தி எழுதுங்கள்; நெடுந்தூரம் பயணம் செய்த நியூட்ரினோவுக்கு மொத்தத்தை மட்டும் பாருங்கள்.

படி 6: ஹாட்ரான்களும் விசைத் துகள்களும், சுருக்கமாக

ஹாட்ரான்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதற்குக் காரணம், அவை அடிப்படைத் துகள்கள் அல்ல, குவார்க்குகளின் கூட்டு. 1964-ல் கெல்-மேனும் ஸ்வைக்கும் தனித்தனியே இந்த யோசனைக்கு வந்தார்கள். குவார்க்குகள் ஆறு: அப், டவுன், சார்ம், ஸ்ட்ரேஞ்ச், டாப், பாட்டம். அப், சார்ம், டாப் மூன்றுக்கும் மின்னூட்டம் +2/3. மற்ற மூன்றுக்கும் −1/3. மூன்று குவார்க் சேர்ந்தால் பேரியான். ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க் குவார்க்கும் சேர்ந்தால் மெசான். புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன்: 2/3 + 2/3 − 1/3 = 1. நியூட்ரானை நீங்களே போட்டுப் பாருங்கள். பேரியானுக்கும் ஒரு கணக்கு உண்டு: பேரியானுக்கு +1, எதிர் பேரியானுக்கு −1, மற்றவற்றுக்கு 0. இதுவும் முன்னும் பின்னும் பொருந்த வேண்டும்.

விசைத் துகள்களில் ஃபோட்டான் மின்காந்த விசையையும், குளுவான் வலுவிசையையும், டபிள்யூ, இசட் மென்விசையையும் சுமக்கின்றன. டபிள்யூவும் இசட்டும் 1983-ல் செர்னில் கிடைத்தன. 2012-ல் அங்கேயே கிடைத்த ஹிக்ஸின் தற்சுழற்சி 0. அடிப்படைத் துகள்களில் அப்படி இதுவரை கிடைத்திருப்பது அது ஒன்றுதான்.

படி 7: துகள் தரவுக் குழுவின் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தை மையமாகக் கொண்ட துகள் தரவுக் குழு, தெரிந்த எல்லாத் துகள்களின் அளவீடுகளையும் திரட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் கையேடுகளை விட்டு நேராக இங்கே போவதே நல்லது. முதலில் மியூவானுக்கான பக்கத்தைத் திறங்கள். தற்சுழற்சி, நிறை, ஆயுள், சிதைவு வழிகள் என்று வரிசையாக இருக்கும். அங்கே தரப்படுவது சராசரி ஆயுள். கதிரியக்கப் பாடத்தில் படித்த அரை ஆயுள் அல்ல. அரை ஆயுள் வேண்டுமானால் சராசரி ஆயுளை 0.693-ஆல் பெருக்குங்கள். சிதைவு வழிகளுக்கு எதிரே இருக்கும் சதவீதம், அந்த வழியில் போகும் பங்கு. ஏதாவது ஒரு வழியை எடுத்து, மின்னூட்டம், லெப்டான் எண், பேரியான் எண் மூன்றையும் நோட்டில் சரிபாருங்கள். வெவ்வேறு துகள்களுக்கு இதைச் செய்துவந்தால் கை தானாகப் பழகிவிடும்.

படி 8: நீங்களே வகைபிரித்துப் பாருங்கள்

பதிலைப் படிப்பதற்கு முன் நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஒன்று. மின்னூட்டம் 0, நிறை 1116 எம்.இ.வி., தற்சுழற்சி 1/2. புரோட்டானாகவும் எதிர் மின்னூட்டப் பையானாகவும் சிதைகிறது. இது என்ன வகை? சிதைவில் புரோட்டான் வந்திருப்பதால் பேரியான் எண் பின்னால் 1; ஆக முன்னாலும் 1. இது பேரியான், பெயர் லாம்டா.

இரண்டு. மின்னூட்டம் 0, நிறை 3097 எம்.இ.வி., தற்சுழற்சி 1. பெரும்பாலும் ஹாட்ரான்களாகச் சிதைகிறது. சில வேளை எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகவும் சிதைகிறது. லெப்டான்கள் வெளிவருவதைப் பார்த்து லெப்டான் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தற்சுழற்சி முழு எண் என்பதால் லெப்டானாக இருக்கவே முடியாது. 1 − 1 = 0 என்று லெப்டான் எண்ணும் அதையே சொல்கிறது. இது மெசான், ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க் குவார்க்கும் சேர்ந்தது. 1974 நவம்பரில் புரூக்ஹேவனும் ஸ்டான்ஃபோர்டும் ஒரே நேரத்தில் அறிவித்த ஜே/சை இதுதான்.

மூன்று. மின்னூட்டம் −1, நிறை 1777 எம்.இ.வி., தற்சுழற்சி 1/2. சுமார் 65 சதவீதம் ஹாட்ரான்கள் கலந்த வழிகளில் சிதைகிறது. கூடவே ஒரு நியூட்ரினோ வருகிறது. ஹாட்ரான்கள் வருகின்றனவே, பேரியானோ? பேரியானாக இருந்தால் சிதைவின் முடிவில் ஒரு பேரியான் எஞ்ச வேண்டும். இங்கே பையான், கேயான்தான் வருகின்றன, புரோட்டான் வருவதே இல்லை. தற்சுழற்சி அரை என்பதால் மெசானும் இல்லை. மிஞ்சுவது லெப்டான்: இது டாவ். எதுவாகச் சிதைகிறது என்பதை வைத்து மட்டும் ஒரு துகளை வகைபிரிக்கக் கூடாது என்பதற்காகவே இதைக் கொடுத்தேன்.

நான்கு. ஜெர்மானியம்-76 அணுக்கரு செலினியம்-76 ஆக மாறி, இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோக்களையும் வெளியிடுகிறது. லெப்டான் எண் 0-விலிருந்து 2 − 2 = 0. நடக்கலாம், நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இப்போது இரண்டு நியூட்ரினோக்களையும் எடுத்துவிட்டு எழுதுங்கள். முன்னால் 0, பின்னால் 2. கணக்குப்படி நடக்கக் கூடாது. ஆனால் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உட்படப் பல இடங்களில் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் ஒரே துகளாக இருந்தால் இது நடக்க வாய்ப்பு உண்டு. இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. கிடைத்தால் 5-வது படியில் எழுதிய விதியையும், 4-வது படியில் பன்னிரண்டு என்று எண்ணியதையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.